வங்கி ஊழியர்களின் சம்பளத்துக்காக மத்திய அமைச்சர் பதவியைத் தூக்கிப்போட்டவர்... யார் இந்த வி.வி.கிரி?

பௌர்ணமி ராத்திரி. திருவண்ணாமலையில் 14 கி.மீ. கிரிவலப் பாதை முழுக்க ஜனம். நடந்து முடித்தவர்கள் எல்லாரும் அடுத்து தேடுவது ஒன்றைத்தான்: ஊருக்குப் போக பஸ். விடிய விடிய சிறப்புப் பேருந்துகள் ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டுநரும் நடத்துநரும் தூக்கத்தை விட்டுவிட்டு டூட்டி பார்ப்பார்கள்.

அந்த ஓட்டுநருக்கு எவ்வளவு சம்பளம், இரட்டை டூட்டி பார்த்தால் என்ன படி, ரிட்டயர் ஆன பிறகு கையில் என்ன வரும்? இதையெல்லாம் முடிவு செய்வது ஒரு ஒப்பந்தம். அரசுப் போக்குவரத்துக் கழக நிர்வாகமும் தொழிற்சங்கங்களும் சில வருஷங்களுக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசி கையெழுத்துப் போடும் ஊதிய ஒப்பந்தம். பேச்சு இழுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2018 ஜனவரியில் ஒரு வாரத்துக்கும் மேல் பஸ்கள் சரியாக ஓடவில்லை. 2024 ஜனவரி 9-ம் தேதி பொங்கல் நேரத்தில் மறுபடியும் ஸ்ட்ரைக். அப்போது முன்வைத்த கோரிக்கைகளில் முக்கியமான ஒன்று, ஓய்வு பெற்றவர்களுக்கான அகவிலைப்படி நிலுவை.

பஸ் ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, விமானம் ஓட்டுபவருக்கும் இதே கவலைதான். சம்பளம் பல மடங்கு அதிகமாக இருக்கலாம். ஆனால் வேலையை விட்டு இறங்கிய மறுநாள் ஆஸ்பத்திரி பில்லை யார் கட்டுவது என்ற கேள்வி இரண்டு பேருக்கும் பொது.

இந்தப் பேச்சுவார்த்தை எப்படி நடக்க வேண்டும் என்று வாழ்க்கை முழுக்க வாதாடிய ஒரு மனிதர் இருந்தார். அதற்காகப் பதவியையும் விட்டார். பிறகு நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனார். அவர்தான் வராககிரி வெங்கட கிரி. சுருக்கமாக வி.வி.கிரி.

*யார் இவர்? தமிழ்நாட்டுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?*

1894 ஆகஸ்ட் 10-ம் தேதி பெர்ஹாம்பூரில் பிறந்தார். இன்றைக்கு அது ஒடிசாவில் இருக்கிறது. அன்றைக்கு சென்னை மாகாணம். அதாவது பெர்ஹாம்பூரும் திருவண்ணாமலையும் ஒரே மாகாணத்துக்குள் இருந்த ஊர்கள். தெலுங்கு பேசும் குடும்பம். அப்பா ஜோகையா பந்துலு பெயர் பெற்ற வக்கீல்.

மகனும் வக்கீல் ஆக வேண்டும் என்று 1913-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரத்துக்குப் படிக்க அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் லண்டனுக்குத்தான் போவார்கள். கிரி போன இடம் டப்ளின் என்பதுதான் அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டது.

*டப்ளினில் அப்படி என்ன நடந்தது?*

கிரி போன அதே 1913-ம் வருஷம் டப்ளினில் பெரிய தொழிலாளர் போராட்டம் வெடித்தது. டிராம் ஓட்டுபவர்கள், துறைமுகக் கூலிகள் என்று ஆயிரக்கணக்கானவர்கள் சங்கத்தில் சேர்ந்தார்கள். சங்கத்தை விட்டு விலகுகிறேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் வேலை என்று முதலாளிகள் கதவைப் பூட்டினார்கள். சுமார் 20,000 தொழிலாளர்கள் மாதக்கணக்கில் கூலி இல்லாமல் தவித்தார்கள். 1914 தொடக்கத்தில் பசி தாங்காமல் வேலைக்குத் திரும்பினார்கள்.

சட்டம் படிக்க வந்த 19 வயது இளைஞர் கண் முன்னால் நடந்த சம்பவம் இது. சங்கம் பலமாக இல்லாவிட்டால் நியாயம் இருந்தும் தோற்க வேண்டியதுதான் என்பது அங்கே பளிச்சென்று தெரிந்தது.

1916-ல் அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஈஸ்டர் எழுச்சி நடந்தது. அயர்லாந்துப் புரட்சியாளர்களோடு கிரிக்குப் பழக்கம் இருந்தது. போலீஸ் சந்தேகப்பட்டது. நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவு வந்தது. அந்த வருஷமே இந்தியா திரும்பினார்.

*வக்கீல் தொழிலை விட்டு ரயில் தொழிலாளர் பக்கம் வந்தது ஏன்?*

ஊருக்கு வந்து வக்கீலாகத் தொழில் நடத்தினார். நல்ல வருமானம். ஆனால் காந்தி ஒத்துழையாமை இயக்கத்துக்கு அழைத்ததும் கறுப்பு கோட்டைக் கழற்றி வைத்தார். 1922-ல் மதுக்கடைகளுக்கு எதிரான போராட்டத்தில் ஜெயிலுக்கும் போனார்.

அதன் பிறகு அவர் கையில் எடுத்தது ரயில்வே தொழிலாளர் பிரச்சினை. அன்றைக்கு இந்தியாவில் அதிகம் பேர் வேலை பார்த்த இடங்களில் ஒன்று ரயில்வே. ஆனால் ஒவ்வொரு ரயில்வே கம்பெனிக்கும் தனித்தனிச் சங்கம். ஒன்றுக்கு அடி விழுந்தால் இன்னொன்று கேட்காது. இவற்றை ஒரு குடைக்குள் கொண்டுவந்த அகில இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் கிரி. ரொம்ப காலம் அதன் பொதுச்செயலாளர் பொறுப்பில் இருந்தார்.

1920-களின் கடைசியில் ரயில்வே கம்பெனிகள் ஆட்குறைப்பு என்று கத்தியைத் தூக்கின. கரக்பூரை மையமாகக் கொண்ட பெங்கால் நாக்பூர் ரயில்வேயில் கிரி தலைமையில் வன்முறை இல்லாத வேலைநிறுத்தம் நடந்தது. கம்பெனி இறங்கி வந்தது.

அதே காலகட்டத்தில் நம்ம ஊர் பக்கம் என்ன ஆச்சு தெரியுமா? 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வேயிலும் ஆட்குறைப்பை எதிர்த்து ஸ்ட்ரைக் நடந்தது. விழுப்புரத்தில் இருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி போகும் பாதையும் இதே தென்னிந்திய ரயில்வேயுடையதுதான். 1896-ல் சிறுவன் வெங்கட்ராமன், பின்னாளின் ரமண மகரிஷி, திருவண்ணாமலைக்கு வந்து இறங்கியதும் இந்தப் பாதையில் ஓடிய ரயிலில்தான்.

அந்த ஸ்ட்ரைக்கை அரசு இரும்புக்கரம் கொண்டு நசுக்கியது. சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் கைதாகி ஜெயிலுக்குப் போனார்கள். நிறையப் பேருக்கு வேலை போனது.

கோரிக்கை ஒன்றுதான். ஒரு இடத்தில் பேச்சுவார்த்தை நடந்தது. இன்னொரு இடத்தில் அடக்குமுறை நடந்தது. முடிவும் வேறு வேறு.

*ராஜாஜி அமைச்சரவையில் கிரி*

1937 தேர்தலில் காங்கிரஸ் கிரியை நிறுத்திய தொகுதி பொப்பிலி. எதிரில் நின்றவர் சாதாரண ஆள் இல்லை. நீதிக்கட்சித் தலைவரும் சென்னை மாகாணத்தின் அன்றைய முதல்வருமான பொப்பிலி ராஜா. அவருடைய சொந்தக் கோட்டையிலேயே அவரைத் தோற்கடித்தார் கிரி. மாகாணமே திரும்பிப் பார்த்தது.

ராஜாஜி அமைச்சரவையில் தொழிலாளர் மற்றும் தொழில்துறை அமைச்சர் ஆனார். அதுவரை மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கோரிக்கை வைத்தவர், இப்போது இந்தப் பக்கம். சண்டை வரும் இடத்தில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவதுதான் அவர் பாணி. 1939-ல் உலகப் போர் தொடங்கியதும் காங்கிரஸ் அமைச்சரவைகள் ராஜினாமா செய்தன. கிரியும் வெளியே வந்தார்.

1942-ல் வெள்ளையனே வெளியேறு இயக்கம். மறுபடியும் கைது. இந்த முறை நீண்ட சிறைவாசம். அவர் அடைக்கப்பட்ட சிறைகளில் ஒன்று வேலூர். அன்றைக்கு வேலூரும் திருவண்ணாமலையும் ஒரே வட ஆற்காடு மாவட்டம். திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்தது 1989-ல்தான். 1945-ல் கிரி விடுதலை ஆனார்.

அதன் பிறகு 1946-ல் பிரகாசம் அமைச்சரவையில் மறுபடி தொழிலாளர் அமைச்சர். 1947-ல் இருந்து 1951 வரை இலங்கையில் இந்தியத் தூதர். மலையகத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்த 1948-ம் வருஷச் சட்டம் வந்தது அந்தக் காலத்தில்தான். பல தலைமுறையாக உழைத்தாலும் ஓட்டுரிமை இல்லாத தொழிலாளியின் குரலை யாரும் மதிக்க மாட்டார்கள் என்பதை அங்கே அருகில் இருந்து பார்த்தார்.

*பி.எஃப். இவர் காலத்தில் வந்ததா?*

ஆமாம். 1952-ல் முதல் பொதுத்தேர்தல். பாதபட்டினம் தொகுதியில் ஜெயித்து நேரு அமைச்சரவையில் தொழிலாளர் துறை அமைச்சர் ஆனார். தொழிலாளர் வருங்கால வைப்பு நிதிச் சட்டம் அவர் பொறுப்பேற்பதற்குக் கொஞ்சம் முன்னால், 1952 மார்ச்சில் நிறைவேறியிருந்தது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் வேலை கிரியின் துறைக்கு வந்தது. 1952 நவம்பர் 1-ம் தேதி திட்டம் அமலானது.

ஆரம்பத்தில் சிமெண்ட், சிகரெட், இன்ஜினியரிங், இரும்பு எஃகு, காகிதம், ஜவுளி என்று 6 தொழில்களுக்கு மட்டும். 50 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலைகளுக்கு மட்டும். தொழிலாளி சம்பளத்தில் 6.25 சதவீதம், அதாவது ரூபாய்க்கு ஒரு அணா. முதலாளியும் அதே அளவு போட வேண்டும். இன்றைக்கு நம் பே ஸ்லிப்பில் 12 சதவீதம் என்று பிடிக்கிறார்களே, அதன் தொடக்கம் இந்த ஒரு அணாதான்.

அதே 1952-ல் பிப்ரவரி மாதம் கான்பூரிலும் டெல்லியிலும் இ.எஸ்.ஐ. மருத்துவத் திட்டம் தொடங்கியது. வேலையில் இருக்கும்போது நோய் வந்தால் இ.எஸ்.ஐ., வேலை முடிந்த பிறகு பி.எஃப். என்று இரண்டு தூண்கள் நின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஓட்டையும் இருந்தது. வேலை முடிந்த பிறகு நோய் வந்தால் என்ன செய்வது? இந்த ஓட்டை இன்னும் முழுசாக அடைபடவில்லை.

*கிரி சொன்ன வழி என்ன?*

இங்கேதான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

1947-ல் தொழில் தகராறு சட்டம் வந்தது. தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் சண்டை வந்தால், அரசு அதை ஒரு தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம். தீர்ப்பாயம் என்ன சொல்கிறதோ அது இரண்டு பேரையும் கட்டுப்படுத்தும். கேட்க நல்ல ஏற்பாடு போலத்தான் இருக்கும்.

கிரிக்கு இதில் உடன்பாடு இல்லை. அவருடைய வாதம் இதுதான்:

- தீர்ப்பாயம் என்று போனால் வருஷக்கணக்கில் இழுக்கும். ஜெயித்தவர் தோற்றவர் என்று இரண்டு பிரிவாகி, கசப்பு அப்படியே தங்கிவிடும்.
- எப்படியும் கேஸ் போட்டால் ஏதாவது கிடைக்கும் என்று தொழிலாளி நினைத்தால், சங்கத்தைப் பலப்படுத்த மாட்டார்.
- எப்படியும் அரசு பார்த்துக்கொள்ளும் என்று நிர்வாகம் நினைத்தால், தொழிலாளியோடு மனசு விட்டுப் பேசாது.
- இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, கணக்கைக் காட்டி, கொடுத்து வாங்கிப் போடும் ஒப்பந்தம்தான் நிலைக்கும்.

இதைத்தான் தொழிலாளர் வட்டாரத்தில் கிரி அணுகுமுறை என்று சொன்னார்கள். அமைச்சரான பிறகு, நைனிடாலில் நடந்த இந்தியத் தொழிலாளர் மாநாட்டில் இதை முன்வைத்தார்.

எல்லாரும் கைதட்டினார்களா? இல்லை. முதலாளிகள் தயங்கினார்கள், சரி. தொழிற்சங்கங்களிலேயே பலர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் பயத்திலும் நியாயம் இருந்தது. ரயில்வே மாதிரி பெரிய சங்கம் மேஜையைத் தட்டிப் பேசலாம். பத்துப் பேர் வேலை பார்க்கும் சின்ன மில்லில் சங்கத்தின் பேச்சை முதலாளி எதற்குக் கேட்பார்? அவர்களுக்குத் தீர்ப்பாயம்தான் ஒரே துணை. இந்தக் கேள்விக்கு கிரியால் எல்லாரையும் திருப்திப்படுத்தும் பதிலைத் தர முடியவில்லை. சட்டத்தையும் அவரால் மாற்ற முடியவில்லை.

*ராஜினாமா ஏன்?*

வங்கி ஊழியர்களின் கதை இங்கே உள்ளே வருகிறது.

அன்றைக்கு வங்கிகள் எல்லாம் பெரும்பாலும் தனியார் கையில். ஒரே வேலைக்கு ஒரு வங்கியில் ஒரு சம்பளம், இன்னொரு வங்கியில் இன்னொரு சம்பளம். ஊழியர்கள் போராடினார்கள். அரசு தீர்ப்பாயம் அமைத்தது.

1950: சென் தீர்ப்பாயம் தீர்ப்பு சொன்னது. அடுத்த வருஷமே உச்ச நீதிமன்றம் நடைமுறைக் குறையைக் காட்டி அதை ரத்து செய்தது.

1953: சென்னை உயர் நீதிமன்ற முன்னாள் நீதிபதி பஞ்சாபகேச சாஸ்திரி தலைமையிலான தீர்ப்பாயம் புதுத் தீர்ப்பு தந்தது. ஊரின் அளவைப் பார்த்து சம்பளத்தைப் பிரித்தார்கள். பெரிய நகரத்து குமாஸ்தாவுக்கு ஒரு ஸ்கேல், சின்ன ஊர் குமாஸ்தாவுக்கு அதைவிடக் குறைந்த ஸ்கேல்.

1954: மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஊழியர்களுக்குச் சாதகமாகச் சில மாற்றங்கள் செய்தது.

ஊழியர்கள் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். ஆனால் வங்கிகள் முரண்டு பிடித்தன. இவ்வளவு சம்பளம் கொடுத்தால் சின்ன வங்கிகளும் சின்ன ஊர்க் கிளைகளும் தாங்காது என்றன. நிதி அமைச்சகத்துக்கும் அந்தக் கவலை இருந்தது. 1954 ஆகஸ்டில் மத்திய அரசு தன் அதிகாரத்தைப் பயன்படுத்தித் தீர்ப்பைத் திருத்தியது. ஊழியர்களுக்குக் கிடைத்ததில் ஒரு பகுதி போனது.

கிரி ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை ராஜினாமா செய்துவிட்டார்.

இதில் ஒரு முரண் இருக்கிறது, கவனித்தீர்களா? தீர்ப்பாயமே வேண்டாம் என்றவர், ஒரு தீர்ப்பாயத்தின் தீர்ப்புக்காகப் பதவியை விடுகிறார். யோசித்தால் முரண் இல்லை. தீர்ப்புக்குக் கட்டுப்படு என்று தொழிலாளியிடம் சொல்லிவிட்டு, தீர்ப்பு பிடிக்கவில்லை என்றதும் அரசே அதை மாற்றினால், அடுத்த முறை எந்தத் தொழிலாளி பேச்சுவார்த்தைக்கு நம்பி வருவார்? அடிபட்டது சம்பளம் மட்டும் இல்லை, நம்பிக்கையும்தான்.

*ராஜினாமாவால் பலன் கிடைத்ததா?*

கிடைத்தது, ஆனால் மெதுவாக. ஊழியர்களின் எதிர்ப்பும் அமைச்சரின் ராஜினாமாவும் சேர்ந்து அரசுக்கு நெருக்கடி ஆனது. விசாரணை ஆணையம் அமைத்தார்கள். நீதிபதி கஜேந்திரகட்கர் அறிக்கை கொடுத்தார். 1955-ல் நாடாளுமன்றம் சட்டமே போட்டு, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் முடிவைப் பெரும்பகுதி திரும்பக் கொண்டுவந்தது.

அதைவிடப் பெரிய மாற்றம் 1966 அக்டோபர் 19-ம் தேதி நடந்தது. வங்கி நிர்வாகங்களும் ஊழியர் சங்கங்களும் தீர்ப்பாயத்துக்குப் போகாமல் நேருக்கு நேர் பேசி முதல் இருதரப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. கிரி சொன்ன அதே வழி. அன்றிலிருந்து வங்கிகளில் சம்பளம் இப்படித்தான் முடிவாகிறது. 2024 மார்ச் 8-ம் தேதி கையெழுத்தானது 12-வது ஒப்பந்தம். திருவண்ணாமலையில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளைக்குள் நுழைந்தால், கவுன்டரில் இருப்பவரின் சம்பளம் இந்த வரிசையில் வந்த ஒப்பந்தத்தின்படி வருவதுதான்.

பென்ஷனும் இப்படித்தான் வந்தது. 1993-ல் பேசி முடித்த ஒப்பந்தம் அது. 2015-ல் 10-வது ஒப்பந்தத்தோடு மருத்துவக் காப்பீடு வந்தது. வேலையில் இருப்பவர்களுக்கு வங்கி பிரீமியம் கட்டும். ஓய்வு பெற்றவர்களும் சேரலாம், ஆனால் அன்றைய ஏற்பாட்டின்படி பிரீமியத்தைத் தங்கள் கைக்காசில் கட்ட வேண்டியிருந்தது. வயது ஏற ஏற நோயும் ஏறும், பிரீமியமும் ஏறும், பென்ஷன் அந்த வேகத்தில் ஏறாது. ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்களின் பெரிய மனக்குறை இதுதான்.

*குடியரசுத் தலைவர் ஆனது எப்படி?*

ராஜினாமாவுக்குப் பிறகு உத்தரப் பிரதேசம், கேரளம், மைசூர் மாநிலங்களுக்கு ஆளுநர். 1967-ல் குடியரசுத் துணைத் தலைவர். 1969 மே மாதம் குடியரசுத் தலைவர் ஜாகிர் உசேன் திடீரென்று காலமானார். கிரி தற்காலிகக் குடியரசுத் தலைவர் ஆனார்.

1969 ஜூலை 19-ம் தேதி இந்திரா காந்தி அரசு 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கியது. அந்த அவசரச் சட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டது யார்? 15 வருஷத்துக்கு முன்னால் வங்கி ஊழியர்களுக்காகப் பதவியை விட்ட அதே கிரி. மறுநாளே பதவியை ராஜினாமா செய்துவிட்டு சுயேச்சையாகக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றார். காங்கிரஸின் அதிகாரப்பூர்வ வேட்பாளர் நீலம் சஞ்சீவ ரெட்டி. இந்திரா காந்தியின் ஆதரவு மறைமுகமாகக் கிரிக்கு. இரண்டாவது விருப்ப வாக்குகளை எண்ணித்தான் வெற்றியை முடிவு செய்ய வேண்டியிருந்தது. கிரி ஜெயித்தார். காங்கிரஸ் உடைந்தது.

தேர்தலை எதிர்த்து வழக்கு வந்தபோது, பதவியில் இருக்கும்போதே உச்ச நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது.

*கடைசிச் சோதனை: 1974*

கிரியின் வாழ்க்கையில் ரொம்பக் கசப்பான பக்கம் இது.

1974 மே 8-ம் தேதி நாடு முழுக்க ரயில்வே ஸ்ட்ரைக். சுமார் 17 லட்சம் தொழிலாளர்கள். தலைமை தாங்கியவர் ஜார்ஜ் பெர்னாண்டஸ். அவர் தலைவராக இருந்த சங்கம் எது தெரியுமா? கிரி உருவாக்கிய அதே அகில இந்திய ரயில்வே தொழிலாளர் சம்மேளனம். கோரிக்கைகள்: 8 மணி நேர வேலை, போனஸ், சம்பள உயர்வு. நாள் கணக்கில் இறங்காமல் இன்ஜின் ஓட்டியவர்கள் இந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றார்கள். இன்றைக்கு நாம் லோகோ பைலட் என்று சொல்பவர்கள்.

இந்திரா காந்தி அரசு பேச்சுவார்த்தையை முறித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கைது. ரயில்வே குடியிருப்புகளில் இருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. 20 நாளில் ஸ்ட்ரைக் முறிந்தது. அப்போது குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தவர் கிரி.

அரசியல் சட்டப்படி குடியரசுத் தலைவர் அமைச்சரவை சொல்வதைக் கேட்டுத்தான் நடக்க முடியும். அது உண்மை. ஆனால் 1954-ல் அமைச்சராக இருந்து ராஜினாமா செய்தவர் 1974-ல் அப்படிச் செய்யவில்லை என்பதும் உண்மை. அரசு நீட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார் என்ற விமர்சனம் அவர் மீது இன்றும் உண்டு. அதே வருஷம் ஆகஸ்டில் பதவிக்காலம் முடிந்தது. 1975-ல் பாரத ரத்னா விருது. 1980 ஜூன் மாதம் சென்னையில் காலமானார். வயது 85. டெல்லி பக்கத்தில் நொய்டாவில் இருக்கும் தேசியத் தொழிலாளர் நிறுவனம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது.

*விமானிகளுக்கு இந்தக் கதை ஏன் முக்கியம்?*

விமானிகளுக்குச் சங்கம் உண்டு. ஸ்ட்ரைக்கும் உண்டு. 2012-ல் ஏர் இந்தியா விமானிகளில் ஒரு பிரிவினர், புதிய டிரீம்லைனர் விமானங்களுக்கு யாருக்குப் பயிற்சி என்பதில் தொடங்கிய பிரச்சினையில் 58 நாள் வேலைக்கு வரவில்லை. கடைசியில் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே முடிந்தது. பேசித் தீர்க்க முடியாமல் கோர்ட்டுக்குப் போவது என்று கிரி எதைச் சொன்னாரோ, அதேதான்.

ஓய்வுக்கால மருத்துவத்தில் விமானிகளின் நிலை விசித்திரமானது. மாதச் சம்பளம் ஒரு வரம்புக்குள் இருப்பவர்களுக்குத்தான் இ.எஸ்.ஐ. ரூ.21,000 என்று வைத்த அந்த வரம்புக்குள் விமானி வரவே மாட்டார். கம்பெனி தரும் குரூப் இன்சூரன்ஸ் பொதுவாக வேலையோடு முடிந்துவிடும். பயணிகள் விமானத்தை 65 வயதுக்கு மேல் ஓட்ட முடியாது. மருத்துவத் தகுதி போனால் அதற்கு முன்பே இறங்க வேண்டியதுதான். ஆகவே ஓய்வுக்கால மருத்துவம் என்பது ஒன்று சொந்தச் சேமிப்பில் இருந்து வர வேண்டும், இல்லையென்றால் ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும்.

2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா குழுமத்தின் கைக்குப் போனபோது இந்தக் கேள்வி பெரிதாக வந்தது. அரசு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் மருத்துவ வசதி என்ன ஆகும்? கடைசியில் தகுதியுள்ளவர்களை மத்திய அரசு ஊழியர்களுக்கான சுகாதாரத் திட்டத்தில் சேர்க்க ஏற்பாடு ஆனது. கம்பெனி கைமாறினாலும் வாக்குறுதி கைவிட்டுப் போகக் கூடாது என்று கேட்டுப் பெற வேண்டியிருந்தது.

*நமக்கு இதில் என்ன இருக்கிறது?*

சம்பளம் வாங்கும் யாருக்கும் உதவும் 3 விஷயங்கள்:

1. இ.எஸ்.ஐ.யில் இருப்பவர், குறைந்தது 5 வருஷம் இருந்து ஓய்வு பெற்றால், வருஷத்துக்கு ரூ.120 கட்டி தனக்கும் கணவன் அல்லது மனைவிக்கும் இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியைத் தொடரலாம். பலருக்கு இது தெரியாமலே போகிறது.

2. அரசின் சமரச அதிகாரி முன்னிலையில் போடும் ஒப்பந்தத்துக்குப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வழக்கமாகச் சொல்லும் பெயர் 12(3) ஒப்பந்தம். தொழில் தகராறு சட்டத்தின் அந்தப் பிரிவில் வந்ததால் இந்தப் பெயர். கையெழுத்துப் போட்ட சங்கத்தில் இல்லாதவரையும் அது கட்டுப்படுத்தும். அதனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லாரும் படிக்க வேண்டும்.

3. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 51 சதவீதத் தொழிலாளர்களின் ஆதரவு உள்ள சங்கத்தையே பேச்சுவார்த்தை நடத்தும் சங்கமாக ஏற்கிறது. ஸ்ட்ரைக்குக்கு 14 நாள் முன்னறிவிப்பும் வேண்டும். பலமான சங்கம் பேச வேண்டும் என்பது கிரியின் ஆசைதான். சின்னச் சங்கங்களின் கதி என்ன என்று அன்று அவரிடம் கேட்ட கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது.

அடுத்த பௌர்ணமிக்கும் திருவண்ணாமலையில் சிறப்புப் பேருந்து ஓடும். ஓட்டுநர் விடிய விடிய ஸ்டியரிங் பிடிப்பார். அவர் வீட்டில் ஓய்வு பெற்ற அப்பா ஒருவர், அவரும் இதே டிப்போவில் இருந்தவராக இருக்கலாம், மாத்திரைச் செலவைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அந்த இரண்டு பேரும் ஒரே ஒப்பந்தத்தைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். கொடுத்த வாக்கை மாற்றக் கூடாது என்று 1954-ல் ஒரு அமைச்சர் நாற்காலியை விட்டு எழுந்தாரே, அது அவர்கள் இரண்டு பேருக்காகவும்தான்.